ஐந்தாம் நாள் வாக்கியம்

தங்கபுஷ்பத்திடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் உண்டு. பிழையாக எழுதிக் காட்டித் தப்பித்தவர்கள் இல்லை. சிவகாசியில் தினசரி நாட்காட்டி அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக அவள் புரூப் பார்த்தாள். புத்தகத்தில் பிழை வந்தால் படிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். நாட்காட்டியில் வந்தால் ஊர் ஊராக ஒரு நாள் பூராவும் சுவரில் தொங்கும். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற சொந்தக்காரர்கள் அவள் வீட்டைக் கடைசியில்தான் வைத்துக்கொள்வார்கள். தட்டை வாங்குவதற்கு முன்பே 'திருமணத்திற்க்கு' என்பதில் ஒரு 'க்' அதிகம் என்று சொல்லிவிடுவாள்.

அப்படிப்பட்டவளின் உடம்புக்குள்ளேயே ஒரு புரூப் ரீடருக்குப் பைத்தியம் பிடித்திருந்தது முப்பத்து நான்கு வயதில்தான் தெரிய வந்தது. முதலில் முகம் சிவந்தது, பிறகு கால் வீங்கியது, பிறகு சிறுநீரில் நுரை வந்தது. நான்கு வருடம் மாத்திரையில் ஓடியது. ஐந்தாவது வருடம் மதுரையில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில், டாக்டர் இளம்பரிதியின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"லூபஸ்னா என்னன்னு யாராவது விளக்கமாச் சொன்னாங்களா?" என்றார் டாக்டர்.

"பேரை மட்டும் சொன்னாங்க சார்."

"நம்ம ரத்தத்துல சில அணுக்கள் இருக்கு. வெளியே இருந்து வர்ற கிருமியைப் பார்த்து, இது தப்பு, இதை அடின்னு குறிச்சுக் குடுக்கிறது அதுங்க வேலை. உங்க உடம்புல அதுங்க உங்க கிட்னியையே தப்புன்னு குறிச்சுக்கிட்டு இருக்கு."

"சரியான எழுத்தைச் சுழிச்சு விடுது."

"அதேதான். மாத்திரையெல்லாம் அதுங்க கண்ணைக் கட்டி வைக்கும், அவ்வளவுதான். கட்டை அவுத்துக்கிட்டு வந்துடுதுங்க."

"அப்ப ஆளையே மாத்தணும் சார்."

இளம்பரிதி சிரித்துவிட்டார். "அதைத்தான் செஞ்சு பார்க்கப் போறோம். உங்க ரத்தத்துல இருந்தே வேற அணுக்களை எடுத்து, இந்தப் பைத்தியங்களை மட்டும் தேடி அழிக்கிற மாதிரி ஆய்வகத்துல பழக்கி, திரும்ப உள்ளே விடுவோம். அழிஞ்ச இடத்துல உடம்பு புது ஆளைப் போட்டுக்கும். புது ஆளுக்குப் பழைய கோபம் இருக்காது."

இதுவரை மூன்று பேருக்குச் செய்திருந்தார்கள். முதல் இரண்டு பேர் இப்போது மாத்திரையே இல்லாமல் நடமாடுகிறார்கள். மூன்றாவது ஆள் ஒரு பஸ் கண்டக்டர். ஆறாவது நாள் அவருக்கு வலிப்பு வந்தது. உள்ளே விட்ட அணுக்கள் வேலை மும்முரத்தில் மூளையையும் சூடாக்கிவிட்டன. பிழைத்துக்கொண்டார், சிறுநீரகமும் தேறிவிட்டது. ஆனால் இருபது வருடம் போய்வந்த தடத்தின் ஊர்ப் பெயர்கள் அவருக்கு வரிசையாக வருவதில்லை.

"இதை ஏன் மறைக்காமச் சொல்றேன்னா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரியணும்," என்றார் டாக்டர். "அந்த அணுக்களுக்குள்ளேயே ஒரு சுவிட்ச் வச்சிருக்கோம். ஒரே ஊசி. போட்டா அத்தனையும் செத்துடும், மூளை தப்பிச்சிடும். ஆனா மறுபடி எடுத்துப் பழக்குற அளவுக்கு உங்க ரத்தத்துல அணு கிடையாது. ஒரு தடவைதான்."

"எப்பப் போடணும்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"காலையிலயும் சாயங்காலமும் பரீட்சை. என்ன வருஷம், எந்த ஊரு, இது பேனாவா கடிகாரமான்னு கேட்போம். நூறுல இருந்து பத்துப் பத்தாப் பின்னால எண்ணச் சொல்வோம். கடைசியா ஒரு வாக்கியம் எழுதணும், தினமும் அதே வாக்கியம். பத்துக்கு ஏழுக்குக் கீழே இறங்கினா ஊசி."

தங்கபுஷ்பம் ஒப்புதல் படிவத்தை வாங்கி, பதினான்கு பக்கத்தையும் படித்து, ஒன்பது பிழைகளைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் மனதில் வேறு யோசனையே இல்லை. அவளுடைய அக்கா பாக்கியத்துக்கும் இதே நோய்தான். மூன்று வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் மெஷினோடு கட்டிக் கிடந்து, முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். அந்த நாற்காலியில் நான் உட்கார மாட்டேன் என்று அக்காவின் பதினாறாம் நாளன்றே தங்கபுஷ்பம் முடிவு செய்திருந்தாள்.

---

கண்ணாடி அறை. தொற்று வந்துவிடும் என்று யாரும் உள்ளே வரக் கூடாது. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டும் கணவர் செல்வக்கனி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் பேசுவார். டாக்டரைத் தவிர உள்ளே வந்துபோகும் ஒரே மனுஷி நர்ஸ் கிளாடிஸ், நாகர்கோவில்காரி.

"அக்கா, வாக்கியம் என்னதுன்னு யோசிச்சு வச்சாச்சா? சிலபேரு சாமி பேரை எழுதுவாங்க."

தங்கபுஷ்பம் நாட்காட்டித் தாளின் அடியில் போடுகிற மாதிரி ஒன்றை எழுதினாள். 'மழை நாளில் குடையைக் கையில் எடுத்துச் செல்வது நல்லது.' அதை ஒரு கருவி படம் பிடித்தது. எழுத்து இருக்கிறது, பொருள் இருக்கிறது, மதிப்பெண் ஒன்று என்று காட்டியது. மொத்தம் பத்துக்குப் பத்து.

ஊசிக்குழாயில் அணுக்கள் ஏறியது ஒரு திங்கட்கிழமை. புதன்கிழமை காய்ச்சல் அடித்தது. வியாழக்கிழமை இறங்கியது. "காய்ச்சல் வந்தா நல்லதுதான், உள்ளே சண்டை நடக்குன்னு அர்த்தம்," என்று கிளாடிஸ் சொன்னாள். கால் வீக்கம் வற்றத் தொடங்கியிருந்தது. நான்கு வருடத்துக்குப் பிறகு தங்கபுஷ்பம் தன் கணுக்கால் எலும்பைக் கண்ணால் பார்த்தாள். செல்வக்கனியைக் கூப்பிட்டுக் கண்ணாடி வழியாகக் காட்டினாள். அந்த மனிதர் எழுந்து நின்று, ஏதோ கோபுரத்தைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை, ஐந்தாவது நாள். வருஷம் சொன்னாள், ஊர் சொன்னாள், பின்னால் எண்ணினாள், வாக்கியம் எழுதினாள்.

"பத்துக்குப் பத்து," என்றாள் கிளாடிஸ்.

"அந்தத் தாளைக் குடுங்க சிஸ்டர்."

எழுதியதை ஒரு தடவை திரும்பப் பார்க்காமல் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. பார்த்தாள். 'மழை நாளில் குடையை கையில் எடுத்து செல்வது நல்லது.'

இரண்டு ஒற்றையும் காணோம்.

யாருக்கும் வரும் பிழைதான் இது. தமிழ்நாட்டில் கடைப் பலகையில் பாதி இப்படித்தான் இருக்கிறது. கருவிக்கு இது பிழையே இல்லை. ஆனால் தங்கபுஷ்பத்துக்கு வராது. தூக்கத்தில் எழுப்பி எழுதச் சொன்னாலும் அவள் கை அந்தப் புள்ளியை வைத்துவிட்டுத்தான் நகரும். இன்னொரு தாளை வாங்கி மறுபடி எழுதினாள். கண் பார்த்துக்கொண்டே இருந்தது, கை அதைத் தாண்டிப் போய்விட்டது.

செல்வக்கனிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அவர் கண்ணாடிக்கு அருகில் வந்து தாளைப் பார்த்தார்.

"எங்க தப்பு? சரியாத்தான இருக்கு?"

"ரெண்டு ஒத்து இல்லங்க."

"ஒத்தா?" அவருக்கு மூச்சு வந்தது. "ஏ புஷ்பம், புள்ளிதான. நான் ஆயுசுல அதைப் போட்டதே இல்ல. கால் வீக்கம் வத்தி இப்பத்தான் மனுஷியாத் தெரியுற. வாயத் தொறந்து எதையாவது சொல்லி அந்த ஊசியப் போட வச்சிராத. பத்துக்குப் பத்துன்னு மெஷினே சொல்லிருச்சுல்ல."

அவள் போனை வைத்துவிட்டு, கணுக்காலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இன்னும் இரண்டு நாள் அந்த அணுக்கள் வேலை செய்தால் போதும், அக்காவின் நாற்காலி வேறு யாருக்கோ போய்விடும். ஆசை அவளைப் பிடித்து உலுக்கியது என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இன்னொன்றும் தோன்றியது. இப்போது கை மறந்திருக்கிறது, கண் மறக்கவில்லை. சாயங்காலம் கண்ணும் மறந்துவிட்டால் இந்தத் தாள் அவளுக்குச் சரியாகவே தெரியும். அப்போது சொல்வதற்கு என்ன இருந்தது என்பதே போய்விடும். இப்போது சொல்லக்கூடியவள் உலகத்தில் ஒருத்திதான். அவளும் மதியம் வரைக்கும்தான் இருப்பாளோ என்னவோ.

மணியை அழுத்தினாள்.

---

இளம்பரிதி வந்து தாளைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"தங்கபுஷ்பம், நான் மருத்துவம் படிச்சவன். நானே இப்படித்தான் எழுதுறேன்."

"நீங்க எழுதலாம் சார். நான் எழுதக் கூடாது."

"பதற்றத்துல வந்திருக்கும். ரத்தப் பரிசோதனை நல்லா இருக்கு. சிறுநீர்ல புரதம் பாதியாக் குறைஞ்சிருக்கு. ரெண்டு புள்ளிக்காக இதை அணைக்கச் சொல்றீங்களா? விதிப்படி ஏழுக்குக் கீழே போனாத்தான் நான் தொடவே முடியும்."

"அணைக்கச் சொல்லலை. அந்தக் கண்டக்டர் எழுதின தாளைக் காட்டுங்க."

"அது இன்னொரு நோயாளியோடது. காட்டக் கூடாது."

"பேரை மறைச்சுக் காட்டுங்க. எனக்குப் பேரு வேண்டாம், எழுத்துதான் வேணும். மதியத்துக்குள்ள வேணும் சார். அப்புறம் எனக்குப் பார்க்கத் தெரியுமோ தெரியாதோ."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரை அசைத்தது. உடனே போய்ச் சில பேரைக் கேட்டு, பெயரை மறைத்து, பத்துத் தாள்களைக் கொண்டுவந்தார். கண்டக்டர் தினமும் எழுதியது அவருடைய பஸ்ஸில் சத்தம் போடுகிற வாக்கியம். 'பின்வாசலில் ஏரி முன்வாசலில் இரங்கவும்.'

கிளாடிஸ் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "பின்வாசல்ல ஏரி இருக்காமா? முன்வாசல்ல போய் யாருக்கு இரங்கணும்?"

தங்கபுஷ்பம் சிரிக்கவில்லை. தாள்களை வரிசையாகப் படுக்கையில் பரப்பி, விரலை வைத்துக்கொண்டே போனாள். முதல் நாள் ஏரி, இரங்கவும். இரண்டாம் நாளும் அதே. மூன்று, நான்கு, அதேதான்.

"இவருக்குச் சின்ன ர, பெரிய ற பேதம் கிடையாது சார். எல்லாத்துக்கும் சின்ன ர. அது அவரோட கை. பிழைதான், ஆனா நிலையா நிக்குற பிழை. இப்ப அஞ்சாம் நாள் காலைல பாருங்க."

'பின்வாசலில் ஏறி முன்வாசலில் இரங்கவும்.'

"ஒண்ணு சரியாயிருக்கே," என்றார் டாக்டர்.

"சாயங்காலம் பாருங்க."

'பிண்வாசலில் ஏரி முன்வாசலில் இறங்கவும்.'

"சரியானது தப்பாயிருக்கு, தப்பானது சரியாயிருக்கு. எழுத்து இடம் மாறி அலையுது சார். இந்த ரெண்டு தாளுக்கும் மார்க் எத்தனை?"

இளம்பரிதி ஓரத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். இரண்டுக்கும் மொத்தம் பத்துக்குப் பத்து. வலிப்பு வந்தது மறுநாள் காலை. அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். எட்டு மாதமாக அந்தத் தாள்கள் அவருடைய அலமாரியில்தான் இருந்தன.

"ஒரு நாள் முன்னாலேயே எழுதிக் காட்டியிருக்கார்," என்றார் மெல்ல. "நாங்க படிக்கலை."

"உங்களுக்குத் தப்பு இருக்கா இல்லையான்னுதான் தெரியணும். அவரோட தப்பா, புதுத் தப்பான்னு நீங்க கேக்கவே இல்ல." தங்கபுஷ்பம் தாள்களை அடுக்கிக் கொடுத்தாள். "ஊசியைப் போடுங்க சார்."

"போட்டா அவ்வளவுதான், தெரியுமில்ல?"

"தெரியும். கிட்னி போனா மெஷின் இருக்கு. நான் போனா எழுதிக் காட்ட யாரு இருக்கா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வக்கனி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்க்காமல் கையை நீட்டினாள். பார்த்திருந்தால் கையை இழுத்துக்கொண்டிருப்பாள்.

ஊசி போட்டும் அன்று சாயங்காலம் அவளுக்கு எண்ணிக்கை தடுமாறியது. எழுபதுக்கு அப்புறம் தொண்ணூறு என்றாள். மறுநாள் பேச்சே வரவில்லை. மூன்றாம் நாள் பேச்சு வந்தது. எட்டாம் நாள் 'குடையைக் கையில்' என்று எழுதி, அந்தப் புள்ளியைப் பார்த்து அவள் அழுதாள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கண்டக்டர் கதைதான் என்று இளம்பரிதி செல்வக்கனியிடம் சொன்னார். செல்வக்கனி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்து நாளில் அந்த அணுக்கள் பார்த்த வேலை பாதி வேலை. பைத்தியம் பிடித்தவற்றில் பாதி ஒழிந்தது, பாதி தங்கியது. சிறுநீரகம் முன்னைப்போல மோசமாகவும் இல்லை, நன்றாகவும் இல்லை. மாத்திரை தொடர்ந்தது. அக்காவின் நாற்காலி இன்னும் எங்கோ ஒரு அறையில் காத்திருக்கிறது, அது எத்தனை வருடம் தள்ளி என்று யாராலும் சொல்ல முடியாது. மற்றவர்களுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரம் அவளுக்குச் சில நாள் இருந்தது. பிறகு ஆத்திரப்படவும் நேரமில்லாமல் போயிற்று, ஏனென்றால் டாக்டர் அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

---

இரண்டு வருடம் கழித்து அந்தப் பிரிவில் ஒரு புது வழக்கம் வந்திருந்தது. சிகிச்சைக்கு வருகிறவர்கள் அணு ஏற்றுவதற்கு முன் ஒரு வாரம் தினமும் எழுத வேண்டும். அதைப் படித்து, யாருக்கு எது சொந்தப் பிழை என்று தங்கபுஷ்பம் பட்டியல் போடுவாள். அதன் பிறகு அந்தப் பிழைகளுக்கு அவள்தான் காவல். எதையும் திருத்தக் கூடாது என்பது அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி.

மருந்தும் மாறியிருந்தது. சுவிட்ச் ஊசியில் கால் பங்கு போட்டால் அணுக்கள் சாகாமல் அடங்கும் என்று இளம்பரிதி கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஆரம்பத்திலேயே போட்டால்தான் அது கேட்கும்.

பதினோராவது ஆளாக வந்தவள் காளீஸ்வரி. அருப்புக்கோட்டையில் தையல் கம்பெனியில் வேலை, இருபத்தாறு வயது. மூன்று வயது மகளைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். முதல் நாள் அவள் எழுதினாள்: 'என் மகலை பல்லிகூடத்தில் சேர்க வேன்டும்.'

ஒரே வாக்கியத்தில் ஆறு பிழை. பத்தொன்பது வருடப் பழக்கம் சும்மா இருக்குமா? என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள் தங்கபுஷ்பத்தின் சிவப்புப் பேனா ஆறையும் திருத்திவிட்டது. 'என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.'

"அக்கா! உங்க விதியை நீங்களே மீறிட்டியளே," என்று கிளாடிஸ் சத்தம் போட்டாள்.

"ஐயோ, கை போயிடுச்சு சிஸ்டர்." அசட்டுச் சிரிப்போடு தாளைக் கசக்கி, காளீஸ்வரியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் புதுத் தாள் கொடுத்தாள். "நீ பாட்டுக்கு உன் இஷ்டப்படி எழுது தாயி. உன் பல்லிகூடம் எனக்குப் பல்லிகூடமாவே வேணும்."

அணு ஏற்றிய பிறகு நான்கு நாளும் பல்லிகூடம் பத்திரமாக இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் கிளாடிஸ் கண்ணாடி அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பாத்தியளா அக்கா, உங்க கூடச் சேர்ந்து பிள்ளை தேறிட்டா. ஒரு தப்பு கிடையாது!"

தங்கபுஷ்பம் வாங்கிப் பார்த்தாள். 'என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.' ஒற்று உட்பட எல்லாம் சரி. ஓர் எழுத்தைக்கூடத் தொட வேண்டியதில்லை.

முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"காளீஸ்வரி, எதைப் பார்த்து எழுதின?"

"எதையும் பார்க்கலைக்கா."

"இதை இந்த மாதிரி எழுதின தாளு உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அது என் கையெழுத்து."

காளீஸ்வரி தலையணைக்குக் கீழே கைவிட்டு, கசங்கி நீவிய தாளை எடுத்தாள். சிவப்பு மை தெரிந்தது.

"என் பிள்ளைக்கு நானே சொல்லிக் குடுக்கணும்னு அன்னைக்கே எடுத்து வச்சேன்க்கா. காலைல எழுத உக்காந்தா... எழுத்தே வரலை. கையில பேனா இருக்கு, ஒண்ணுமே வரலை. எழுதலைன்னா ஊசி போட்டு அனுப்பிடுவீங்களே. அதான் சிஸ்டர் திரும்பி நிக்கையில பார்த்து வரைஞ்சிட்டேன். சொல்லிராதீங்கக்கா. உங்க காலைப் பிடிக்கிறேன்."

தங்கபுஷ்பம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கெஞ்சல் அவளுக்குப் புதிதில்லை, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தனக்குள்ளேயே கேட்டதுதான். இன்னொரு கையால் மணியை அழுத்தினாள்.

"அனுப்ப மாட்டாங்க தாயி. எனக்கு அப்ப கால் பங்கு ஊசி இல்ல, உனக்கு இருக்கு. இப்ப சொன்னாத்தான் இருக்கு."

காளீஸ்வரி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இளம்பரிதி வந்தார். கால் பங்கு மருந்து ஏறியது. அன்று முழுக்க அவள் தங்கபுஷ்பத்தோடு பேசவில்லை. மறுநாள் பேனாவைத் தொடவில்லை. கருவி நான்கு மதிப்பெண் காட்டியது; கால் பங்கு வேலை செய்ய ஒரு நாள் ஆகும் என்று இளம்பரிதி முழு ஊசியைப் போடாமல் பொறுத்தார். சாயங்காலம் ஆறு. அதற்கடுத்த நாள் எட்டு. கால் வீக்கம் மட்டும் நிற்காமல் வற்றிக்கொண்டே வந்தது. அணுக்கள் சாகவில்லை.

ஒன்பதாம் நாள் காலை கிளாடிஸ் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தங்கபுஷ்பம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தாள்.

'என் மகலை பல்லிகூடத்தில் சேர்க வேன்டும்.'

விரல் விட்டு எண்ணினாள். மகலை, ஒன்று. அதையொட்டி ஒற்று இல்லை, இரண்டு. பல்லிகூடத்தில் இரண்டு, ஆக நான்கு. சேர்க, ஐந்து. வேன்டும், ஆறு. ஆறும் அதனதன் இடத்தில் இருந்தன. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினாள்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, வாக்கியத்துக்குக் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.